ஊசியக்காவிடம் ஒப்படைக்காதது

பாப்பா, தம்பி, இதை உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

புதுத் துணி வாங்கி வந்தால் அதை உடனே உங்கள் கையில் கொடுக்க மாட்டேன். கட்டிலில் விரித்துப் போட்டு, கழுத்து, தோள், அக்குள், கீழ் மடிப்பு என்று ஒவ்வொரு தையலாக இரண்டு விரலால் நசுக்கிக்கொண்டே வருவேன். "அப்பா சட்டைக்கு நாடி பாக்குறாரு" என்று தம்பி கேலி செய்வான். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். ஏன் அப்படிச் செய்கிறேன் என்று நான் இதுவரை சொன்னதில்லை.

போன வாரம் பாப்பா தமிழ்ப் பாடத்துக்கு வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தாள். 'ஒப்படை' என்ற சொல்லுக்கு, 'கண்டெடுத்த பேனாவை ஆசிரியரிடம் ஒப்படைத்தேன்' என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தாள். கொடுத்தேன் என்று எழுதினாலும் அதே அர்த்தம்தானே அப்பா என்று கேட்டாள். தண்ணீர் குடிக்கப் போகிறவன் போல எழுந்து போய்விட்டேன்.

அதே அர்த்தம் இல்லை பாப்பா. அதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு பெண். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவருக்குப் பெயர் இருந்தது. கம்பெனியில் யாரும் அதைச் சொன்னதில்லை. ஊசியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரைவிடப் பத்து வயது மூத்த அயர்ன் மாஸ்டருக்கும் அவர் ஊசியக்காதான். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். திருப்பூரில் இது சாதாரணம்.

நான் சாத்தூர்ப் பக்கமிருந்து வந்து, இந்த ஊரில் ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் கழுத்துப் பட்டியும் மடிப்பும் அடிக்கிற பேட்லாக் மிஷினில் டெய்லராக இருந்தேன். பாப்பா அம்மாவின் வயிற்றில் இருந்த வருடம். எங்கள் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கான உடுப்புதான் அதிகம் ஓடும். தைக்கும்போது ஊசி உடைவது சகஜம். ஆனால் உடைந்த முனை துணிக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்காக ஒரு விதி இருந்தது. ஊசி உடைந்தால் மிஷினை நிறுத்திவிட வேண்டும். எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ஊசியக்காவின் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் அவற்றை வெள்ளைத்தாளில் முழு ஊசி போல வரிசையாக வைத்து, லென்ஸ் பிடித்துப் பார்த்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, மிஷின் நம்பரும் எத்தனை துண்டு என்பதும் எழுதி, நம்மிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் புது ஊசி தருவார். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த லைனில் எல்லா மிஷினும் நிற்கும். கையில் இருக்கிற துணிக்கட்டு, முன்னால் போன கட்டு, பக்கத்து மிஷினில் இருப்பது எல்லாவற்றையும் பிரித்துத் தேட வேண்டும். பெரிய கம்பெனிகளில் துணிக்குள் இருக்கிற ஊசியைக் கண்டுபிடிக்க மிஷினே இருந்தது. எங்களிடம் ஊசியக்காவும் கயிறு கட்டிய ஒரு காந்தமும்தான்.

ஒருநாள் ஒரு டெய்லர் துண்டுகளைக் காகிதத்தில் சுருட்டி அவர் மேஜையில் வீசிவிட்டு, குடுத்தாச்சு என்று திரும்பி நடந்தார். அன்றைக்கு ஊசியக்கா சொன்னதை நான் வரிசையில் நின்று கேட்டேன்.

"இது குடுக்கறதுங்ணா. குடுக்கறது நம்ம இஷ்டம், எத்தன தோணுதோ அத்தன குடுக்கலாம். ஒப்படைக்கறதுன்னா அப்படி இல்லீங். நம்ம கையில மிச்சம் ஒண்ணும் இருக்கப்படாது. வாங்கறவிய பாத்து, சரிதான்னு சொல்லோணும். அதுக்குப் பொறவு தானுங் நீங்க போகோணும்."

வீசியவர் திரும்பி வந்து நின்றார். ஊசியக்கா எல்லாவற்றையும் ஒட்டி முடித்ததும், "சரிதானுங். இப்ப கையக் காட்டுங்" என்றார். அவரும் சிரித்துக்கொண்டே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். இது ஊசியக்காவின் பழக்கம். எதையாவது திருப்பிக் கொடுத்தால் அவரும் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். அம்மா ஒரு தடவை அவருக்குக் கொழுக்கட்டை கொடுத்து அனுப்பினாள். மறுநாள் டப்பா திரும்பி வந்தது. "டப்பா, மூடி, மூடிக்குள்ள இருந்த ரப்பரு, கரண்டி. ஒப்படைச்சுட்டனுங்" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டுக் கையை விரித்தார். கொழுக்கட்டை எப்படி இருந்தது என்று சொல்லவே இல்லை.

கம்பெனி கேட்டில் நடப்பது இன்னும் வேடிக்கை. கம்பெனிக்குள் ஊக்கு குத்திக்கொண்டு வரக்கூடாது. பெண்கள் பலரும் உள்பக்கம் குத்தி மறைத்து வந்துவிடுவார்கள். ஊசியக்கா தினமும் காலையில் சேலை ஊக்கைக் கழற்றி வாட்ச்மேன் கையில் கொடுப்பார், சாயங்காலம் கேட்டு வாங்குவார். ஒருநாள் வாட்ச்மேன் டப்பாவிலிருந்து ஏதோ ஓர் ஊக்கை எடுத்து நீட்டினார். அது தன்னுடையது இல்லை என்றார் ஊசியக்கா. ஊக்கில் என்னம்மா உன்னுது என்னுது என்றார் வாட்ச்மேன். "நான் ஒப்படைச்சது வேறீங். இது யாருதோ. என்னுது வரட்டுமுங்" என்று அங்கேயே நின்றார். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது, பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் கத்துகிறார்கள், அவர் நகரவில்லை. கடைசியில் பார்த்தால் பட்டன் அறுந்த வாட்ச்மேன் சட்டையிலேயே அந்த ஊக்கு இருந்தது. அதற்குப் பிறகு, ஊசியக்கா சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் காந்தத்தோடுதான் போவார் என்று லைனில் ஒரே பேச்சு.

நாங்கள் சிரிப்போம். ஆனால் உள்ளுக்குள் பயமும் உண்டு. டெய்லர்கள் எல்லோருமே இரண்டு மூன்று ஊசிகளைத் திருட்டுத்தனமாகப் பதுக்கி வைத்திருப்போம். ஸ்டூலுக்கு மேல் போடுகிற ஸ்பாஞ்சில் குத்தி வைத்தால் வெளியே தெரியாது. முனை மழுங்கினால் அவரிடம் போய் நிற்காமல் நாமே மாற்றிக்கொள்ளலாம். ஊசியக்கா திடீரென்று ஒரு மதியம் காந்தத்தோடு கிளம்பி ஸ்டூல் ஸ்டூலாக வருவார். ஸ்பாஞ்சிலிருந்து ஊசி எழும்பி வந்து காந்தத்தில் ஒட்டும். திட்ட மாட்டார். நாம் வெட்கப்படுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த ஸ்டூலுக்குப் போய்விடுவார்.

அவருடைய சொந்தக் கதை எனக்கு அதிகம் தெரியாது. குன்னத்தூர்ப் பக்கம் தன் அம்மா வீட்டில் இருந்தார். கட்டிக்கொடுத்த வீட்டில் நிலைக்கவில்லை. உங்கள் அம்மா முழுகாமல் இருக்கிறாள் என்று நான் சொன்ன அன்றைக்கு, அவராகவே ஒரு வார்த்தை சொன்னார். தனக்கும் ஒரு பையன் இருக்கிறானாம், மூன்று வயதில் மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தாராம். அதே சொல்லைத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்குக் கையை விரிக்கவில்லை. இரண்டு கையும் சேலைத் தலைப்புக்குள் இருந்தன.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

அந்த மாதம் என் மிஷினில் ஏற்கெனவே இரண்டு தடவை ஊசி உடைந்து, துண்டு கிடைக்காமல் லைன் நின்றிருந்தது. இரண்டு தடவையும் கடைசியில் கிடைத்துவிட்டது. ஆனால் பதினோரு மிஷினும் சும்மா நின்றால் சுற்றியிருப்பவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது தடவை ஆனால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று லைன் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அப்போது ஏழாவது மாதம்.

வெளிர் மஞ்சள் துணி. நெஞ்சில் ஒரு வாத்துப் படம். கழுத்திலிருந்து கால் வரை ஒரே உடுப்பு. நான் கழுத்துப் பட்டி அடித்துக்கொண்டிருந்தேன். டக் என்று ஒரு சத்தம். ஊசியின் மேல்பாதி மிஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு, துணியை அமுக்குகிற மிஷின் பாதத்துக்கு அடியில் கிடந்தது. முனையைக் காணவில்லை. அரிசியில் பாதிகூட இருக்காது அது.

துணியைத் தடவினேன். தரையைத் தடவினேன். துணிக்கட்டின் மேலே இருந்த உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தை நசுக்கிப் பார்த்தேன். நாற்பது பார்த்திருப்பேன். சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. தூத்துக்குடிக்குப் போகிற கண்டெய்னர் மறுநாள் வருகிறது. அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"மூணாவது தடவ ஆச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. எப்படியாச்சும் மூணு துண்ட எடுத்துட்டுப் போ. எப்படின்னு எனக்குத் தெரிய வேண்டாம்."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் இருந்த கட்டைத் தானே தூக்கி அடுத்த மிஷினுக்கு நகர்த்திவிட்டார். நான் பார்க்காத உருப்படிகளும் அதில்தான் இருந்தன.

ஸ்பாஞ்சிலிருந்து பதுக்கிய ஊசி ஒன்றை உருவினேன். வெட்டுத்துணிக்குள் வைத்து, கட்டிங் பிளேயரால் முனையை மட்டும் ஒடித்தேன். முனை இல்லாத மீதி ஊசியைத் திரும்ப ஸ்பாஞ்சிலேயே குத்தினேன். மூன்று துண்டுகளையும் எடுத்துக்கொண்டு ஊசி மேஜைக்குப் போனேன்.

ஊசியக்கா மூன்று துண்டுகளையும் தாளில் வரிசையாக வைத்தார். லென்ஸ் பிடித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். லென்ஸை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒப்படைச்சுட்டீங்களாங்ணா?"

"ஒப்படைச்சுட்டேன்க்கா."

அவ்வளவுதான். டேப் போட்டு ஒட்டினார். எத்தனை துண்டு என்ற இடத்தில் 'மூன்று' என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

மறுநாள் மதியம் என்னை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஊசியக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார். மேஜையில் நோட்டுத் திறந்திருந்தது. ஒட்டிய துண்டுகளுக்குப் பக்கத்தில் புது ஊசி ஒன்றை வைத்திருந்தார். இரவெல்லாம் அவருக்கு மனசு ஒப்பவில்லையாம். காலையில் வந்து அளந்து பார்த்திருக்கிறார். மூன்று துண்டும் சேர்ந்து, புது ஊசியைவிட ஒரு நூல் அளவு நீளமாக இருந்தது. காணாமல் போன முனையைவிட நான் கொஞ்சம் பெரிதாக ஒடித்திருக்கிறேன்.

"ஒடஞ்ச ஊசி வளருமுங்களா?" என்று மேனேஜரிடம் கேட்டார்.

அங்கே நின்ற சூப்பர்வைசர் சிரித்தார். மேனேஜருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டிகள் எல்லாம் ஒட்டியாகிவிட்டன, கண்டெய்னரில் ஏறிக்கொண்டிருக்கின்றன, ஒரு நூல் அளவுக்காக எல்லாவற்றையும் இறக்கச் சொல்கிறாயா என்று கேட்டார். ஊசியக்கா ஆமாங் என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. பூராத்தையும் குடுத்துட்டயா?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளே, இதை உங்களிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். "குடுத்துட்டேன் சார்" என்றேன்.

ஊசியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. "அண்ணன் பொய் சொல்ல மாட்டாருங். எங்கியோ தப்பு நடந்திருக்குதுங். கட்டப் பிரிச்சுப் பாத்தரலாமுங்" என்றார்.

மூன்று துண்டு என்று நீயேதானே எழுதியிருக்கிறாய் என்றார் மேனேஜர். ஊசியக்கா உடனே பேனாவை எடுத்தார். தான் எழுதியது தப்பு, திருத்துகிறேன் என்று குனிந்தார். மேனேஜர் நோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கிற நோட்டு, அதில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்றார். பேனா ஊசியக்காவின் கையிலேயே நின்றது.

அவர் கத்தவில்லை, அழவில்லை. வெளியே போய்த் தன் மேஜையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வந்தார். லென்ஸ். கயிறு கட்டிய காந்தம். பிரிக்காத ஊசி டப்பாக்கள். ஊசி பீரோவின் சாவி. மேனேஜரின் மேஜைமேல் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி வைத்தார்.

"எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டனுங். சரிதானான்னு பாத்துச் சொல்லுங். நான் போகோணும்."

மேனேஜர் பார்க்காமலே சரிதான் என்றார். ஊசியக்கா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். அப்புறம் கேட்டுக்குப் போய்த் தன் ஊக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் கண்டெய்னரும் போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை போகவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த முனை எங்கே போயிருக்கும் என்ற நினைப்பு மட்டும் விடவே இல்லை. மிஷினுக்கு அடியில் எண்ணெய்த் தட்டை மெக்கானிக் கழற்றும்போதெல்லாம் நானும் குனிந்து பார்ப்பேன். அதில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கிடைக்கவில்லை. பெருக்கிப் போன குப்பையோடு போயிருக்கலாம். போகாமல், அந்த வாத்துப் படத்துக்கு மேலே கழுத்துப் பட்டிக்குள்ளேயே இருந்திருக்கலாம். பாப்பா, நீ பிறந்த பிறகு நீ அழுதாலே எனக்குக் கை ஓடாது. பசிக்கு அழுகிறாள் என்று அம்மா சொல்வாள். நான் முதலில் உன் சட்டையைக் கழற்றி உதறுவேன். எங்கோ முகம் தெரியாத ஒரு வீட்டில் ஒரு குழந்தை அழுகிறது, எங்கே குத்துகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது, தாய்க்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். இப்படியே ஓடும் மனசு.

முனை இல்லாத அந்த ஊசியை ஸ்பாஞ்சிலிருந்து உருவி ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். தூக்கிப் போட நினைப்பேன், முடியாது.

உனக்கு ஆறு மாதம் இருக்கும். தடுப்பூசி போட்டுவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். குன்னத்தூர் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் ஊசியக்கா இருந்தார். இளைத்திருந்தார். ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அதற்குள் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்ணா, பாப்பாவா?" என்று கிட்ட வந்தார். வேலை எப்படி இருக்கிறது, அம்மா சௌக்கியமா என்று விசாரித்தார். அவர் இப்போது ஒரு செக்கிங் யூனிட்டில் தைத்த துணிகளின் நூல் பிசிறு வெட்டுகிறாராம். நான் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா, அன்றைக்கு என்று ஆரம்பித்தேன்.

அவர் கேட்கவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று உனக்குப் புதுக் கவுன். ஊசியக்கா தன் இரண்டு விரலால் அந்தக் கவுனின் கழுத்தைச் சுற்றி நசுக்கிக்கொண்டே வந்தார். தோள். அக்குள். கீழ் மடிப்பு. நீ சிரித்தாய், கிச்சுக்கிச்சு மூட்டுகிறார் என்று நினைத்தாயோ என்னவோ.

"ஒண்ணுமில்லீங். நல்லாருக்குதுங்" என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டார். ஜன்னலில் பார்த்தேன், கூட்டத்தில் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவும் இல்லை. ஆனால் உங்கள் துணிகளில் நான் நாடி பார்ப்பது அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

மறுநாள் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். டீ நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு ஊசி மேஜைக்குப் போனேன். பீரோ பூட்டாமல் இருந்தது. ஊசியக்கா காலத்தில் அது பூட்டாமல் இருந்ததே இல்லை. பழைய நோட்டுகள் அடியில் கிடந்தன. என் மிஷின் நம்பரைத் தேடி அந்தப் பக்கத்தை எடுத்தேன். டேப் மஞ்சள் பூத்திருந்தது. தீப்பெட்டியைத் திறந்து, முனை இல்லாத ஊசியை அந்தப் பொய் முனைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் உடையாத ஊசி போலப் பொருந்தின. மேஜையில் இருந்த டேப்பைக் கிழித்து அப்படியே ஒட்டினேன்.

எத்தனை துண்டு என்ற இடத்தில் ஊசியக்காவின் கையெழுத்தில் 'மூன்று' என்று இருந்தது. அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'இரண்டு' என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

உள்ளங்கைகளை விரிக்கவில்லை. நோட்டை மற்ற நோட்டுகளுக்கு மேலே, பீரோவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, என் மிஷினுக்குப் போனேன்.